கண்ணாடி அடுப்பும் இரண்டு சம்பந்திகளும்

ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் கண்டக்டரம்மா. ஓய்வு பெற்ற பிறகும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். “பஸ்தான் நின்னுச்சு, நீ நிக்கலையே” என்பார் வீட்டுக்காரர். கூட்ட நெரிசலில் கத்திப் பழகிய தொண்டை. ரகசியம் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

மாப்பிள்ளையின் அம்மா இதற்கு நேர்மாறு. நூலகத்தில் வேலை பார்த்தவள். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தைதான் பதில் வரும். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கல்யாணம் பேசிய நாளிலிருந்தே அந்த நிதானம் கண்டக்டரம்மாவுக்கு ஆகாது. அழுத்தக்காரி என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டாள்.

மகளுக்கு வலி எடுத்த அன்று இந்த இரண்டு பேரும் மகள் வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள் என்று மாப்பிள்ளை மட்டும் போனார். குழந்தை பிறந்ததும் போன் செய்கிறேன், அதுவரை இரண்டு பேரும் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவரிடமிருந்து மத்தியானம் சாய்ந்தும் ஒரு தகவலும் இல்லை. இவர்கள் போட்டாலும் எடுக்கவில்லை.

கண்டக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துவைத்த துணியை மடித்தாள், மடித்ததை உதறித் திரும்ப மடித்தாள். சம்பந்தியம்மா காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில், கையைக் கோத்து மடியில் வைத்தபடி, அசையாமல் இருந்தாள். பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவ அறையில் கிடப்பது அவள் பெற்ற பெண்ணா என்ன, என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. மாப்பிள்ளை பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால் யார் தடுப்பார்கள்? காப்பி சாக்கில் உள்ளே நுழைந்துவிடலாம். பாலை அடுப்பில் வைத்தாள். அது மகள் ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடி அடுப்பு. தீயே தெரியாது, கண்ணாடிக்கு அடியில் ஒரு சிவப்பு வட்டம் மட்டும் கனன்றுகொண்டிருக்கும். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டு ஓடினாள். யாருக்கோ பார்சல். திரும்பி வருவதற்குள் பால் பொங்கி வழிந்து, கண்ணாடியில் பரவி, தார் ஊற்றியது போலக் கருகிவிட்டது. வீடெல்லாம் தீய்ந்த நாற்றம்.

அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறக்கினாள். கையில் அகப்பட்ட இரும்பு நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சம்பந்தியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

“தேய்க்காதீங்க சம்பந்தி. கண்ணாடி கீறிடும். ஆறட்டும்.”

ஆறட்டுமாம். அந்த வார்த்தையிலேயே இவளுக்கு வீம்பு வந்துவிட்டது. இன்னும் நாலு தேய்ப்பு அழுத்தித் தேய்த்தாள். கருப்பு போகவில்லை. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல்தான் விழுந்தது. இரும்பு நாரைத் தொட்டியில் எறிந்தாள்.

சம்பந்தியம்மா குத்திக்காட்டவில்லை. கண்ணாடி ஆறியதும் சமையல் சோடாவைத் தூவி, வெந்நீரில் பிழிந்த துணியை மேலே போட்டு மூடிவைத்தால் கருகல் ஊறி இளகும், பிறகு அடுப்போடு வந்த பிளேடு வைத்த சுரண்டியால் எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னாள். மருமகள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாளாம். எல்லாம் வக்கணையாகச் சொல்கிறாளே தவிர, எழுந்து வந்து ஒரு கை கொடுத்தபாடில்லை.

கண்டக்டரம்மா சொன்னபடி செய்தாள். ஆனால் ஊறவிட வேண்டுமே. துணியைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள். மூன்றாவது தடவை தூக்கியபோது அவள் பொறுமை அறுந்துவிட்டது.

“உங்களால எப்படி இப்படி உக்காந்திருக்க முடியுது? உங்க வீட்டுப் பிள்ளைதானே அங்க பிறக்கப்போவுது?”

சம்பந்தியம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “எந்திரிச்சா கால் நடுங்குது. காலையில ஒரு தடவை பாத்ரூம் போக எந்திரிச்சேன், சுவத்தைப் பிடிச்சிக்கிட்டுதான் போனேன். விழுந்து வச்சா உங்களுக்கு என்னையும் பாக்கிற வேலையாயிடும். அதான் உக்காந்துட்டேன்.”

கண்டக்டரம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். மடியில் கோத்திருந்த விரல்கள் ஒன்றை ஒன்று இறுக்கி ரத்தம் செத்து வெளுத்திருந்தன. ஒரு நாற்காலியை இழுத்து அடுப்புப் பக்கம் போட்டு, கைத்தாங்கலாக அவளைக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தாள்.

“நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக, தணிந்து வந்தது.

துணியை எடுத்தபோது கருகல் ஓரங்களில் நெகிழ்ந்திருந்தது. சுரண்டியைச் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள், படுக்கவைத்துத் தள்ளுங்கள் என்றாள் சம்பந்தியம்மா. படுக்கவைத்துத் தள்ளியதும் கருகல் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. பாதி உரித்திருப்பாள், போன் அடித்தது. கண்டக்டரம்மா எடுத்தாள். எதிர்முனையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டே போனார். ஆனால் அவள் காதில் ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை. போனை அப்படியே சம்பந்தியிடம் நீட்டிவிட்டாள்.

“பொம்பளப் பிள்ளை” என்றாள் சம்பந்தியம்மா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. “ஆபரேஷன் பண்ண வேண்டியதாப் போச்சாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்.” சொல்லி முடித்ததும்தான் அழுதாள். இவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் தோன்றாமல் நடக்கவும் தோன்றாமல் நின்றாள்.

மிச்சக் கருகலை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு கண்டக்டரம்மாவே சுரண்டி எடுத்தாள். கீறல் மட்டும் போகவில்லை. மகள் வீடு வந்து நெடுநாள் கழித்துத்தான் அதைக் கவனித்தாள். யார் வேலை என்று கேட்டதற்கு, “என் வேலைதான். உன் மாமியார் சொல்லியும் கேக்கல” என்றாள் கண்டக்டரம்மா. மகள் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. அழுகிற குழந்தையைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டக்டரம்மா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கத் தொடங்கினாள்.