ஏறாத கண்ணாடி

அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது விடிந்த பிறகுதான். இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஐப்பசி மழை, தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது, சுற்றி வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். வாசலில் நின்றது எங்கள் பழைய நாலு கதவு டபுள் கேபின் பிக்கப் ஒன்றுதான். பின்சீட்டை நெல்மூட்டை ஏற்றுவதற்காக எப்போதோ பெயர்த்தாகிவிட்டது. அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தேன்.

தெருமுனையில், அந்த நிலைமையிலும், அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். "கோழிய... பிடிச்சு அடைச்சிடுங்க" என்று எதிர்வீட்டுக்காரம்மாவிடம் திணறித் திணறிச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவிட்சைத் தூக்கினாள். கண்ணாடி ஏறவில்லை.

என் பக்கத்துச் சுவிட்சிலும் முயன்று பார்த்தேன். அசையவே இல்லை. வலங்கைமானைத் தாண்டியதும் மழை வலுத்தது. சாரல் நேராக அம்மா நெஞ்சில் அடித்தது. குளிர்காற்று பட்டால் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உரச்சாக்கை மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். காற்று அதைப் பிய்த்து வயலில் போட்டது. அம்மாவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவரை அழைத்தேன்.

"என்னங்க, கண்ணாடி ஏற மாட்டேங்குது. அம்மாவுக்கு ரொம்ப முடியலங்க."

"பியூஸ் பாத்தியா?"

"மத்த கண்ணாடியெல்லாம் ஏறி இறங்குதுங்க."

"சுவிட்ச அழுத்திக்கிட்டே கதவத் தட்டு. உள்ள மோட்டார் சத்தம் கேக்குதா?"

தட்டினேன். தட்டினேன் என்ன, குத்தினேன். ஒரு முனகல்கூட இல்லை.

"அப்ப மோட்டாருக்குக் கரண்டே போகல. அம்மா பக்கத்து சுவிட்சுதான் போச்சு. உன் சுவிட்சுலேருந்து போற கரண்டும் அது வழியாத்தான்..." அதோடு லைன் போய்விட்டது.

சுவிட்சுக்கு நான் எங்கே போவேன்? இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற சம்பா வயல். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அழுதபடி திரும்பியபோதுதான் பின்கதவு கண்ணில் பட்டது. அதிலும் அதே சுவிட்ச்.

டேஷ்போர்டில் கிடந்த ஸ்குரூடிரைவரால் முன்கதவுச் சுவிட்சை நெம்பி எடுத்தேன். இடுக்கெல்லாம் காய்ந்த சந்தனம், குங்குமம், உள்ளே கரண்ட் கடத்தும் செம்புத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, ஸ்டியரிங்கில் தொடங்கி ஒவ்வொரு சுவிட்சுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பிப் பொட்டு வைப்பது அம்மாதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதை யாரிடம் காட்டுவது? மூச்சுக்குத் தவிக்கிறவளிடமா?

பின்கதவுச் சுவிட்சைப் பிடுங்கி, முன்கதவு ஒயரில் செருகித் தூக்கினேன். கண்ணாடி நடுங்கி நடுங்கி ஏறி, பாதியில் நின்று, மறுபடி ஏறி மூடிக்கொண்டது. துப்பட்டாவால் அம்மாவைத் துடைத்துவிட்டு வண்டியை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே நெபுலைசர் வைத்தார்கள். மதியத்துக்கு மேல்தான் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. கண்ணாடி எப்படி ஏறியது என்று கேட்டாள். சொன்னேன், சந்தனத்தை மட்டும் விட்டுவிட்டு.

"அந்தப் பின்கதவு சுவிட்சுக்கு மட்டும் நான் பொட்டே வச்சதில்லடி. எப்பவும் மூட்டை அடுக்கியிருக்கும், கை எட்டாது. கடைசில அதுதான் காப்பாத்தியிருக்கு, பாவம். அடுத்த வருஷம் அதுக்கும் நல்லா அப்பி வைக்கணும்."

அடுத்த வருஷம் என்று அம்மா சொன்னது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

"வைம்மா, எல்லாத்துக்கும் வை" என்றேன். அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை.