வாப்பா காணாத பிறை

எங்கள் ஊரில் சூரியன் கடலில் எழும்பி வயலுக்குள் விழும். அதனால், மேற்கில் தெரியும் நோன்புப் பிறையைப் பார்க்க யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல் வரம்பில்தான் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் என் வாப்பாவின் கண்ணுக்குத் தனி மதிப்பு. ஒவ்வொரு வருஷமும் முதலில் காண்பவர் அவர்தான். பள்ளிவாசலில் முதல் சாட்சியும் அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கெம்பஸில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். வாயில் மட்டும் அப்போதே பேராசிரியர். நோன்புக்கு எட்டு மாதம் முன்பு லீவில் வந்திருந்தபோது, சாப்பாட்டுக்கு நடுவில் வாப்பா சொன்னார்.

"மகன், கண்ணுக்குள்ள கறுத்த நூல் மாதிரி ஓடுது. ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போவமா?"

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது வயசு போனா கண்ணுல வாற வெள்ளை வாப்பா, கண்புரை. முத்தினாத்தான் வெட்டலாம். இப்ப போனா திருப்பி அனுப்புவானுகள்."

"இல்ல மனே, இது வெள்ளையா இல்ல, கறுப்பா..."

"படிச்சவன் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

கேட்டார். அதுதான் கொடுமை. பல வருஷமாக நீரிழிவு, சீனி வருத்தக்காரர். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டதோடு வருத்தமும் அடங்கிவிட்டதாக வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

பிறை பார்க்கும் நாள் வந்தது. வரம்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாப்பா மேற்கே பார்த்தபடி நின்றார். திடீரென்று ஒரு பொடியன் கத்தினான். "அந்தா! தென்னைக்கு மேல!"

"என்ன காக்கா, இந்த முறை பொடியனுகள் முந்திட்டானுகளே!" என்று யாரோ வாப்பாவை அண்ணன் முறை சொல்லிச் சீண்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மானம் போனது. வாப்பாவின் காதுக்குள் சொன்னேன்: "அந்த ஒத்தைத் தென்னைக்கு வலப்பக்கம், ஒரு விரல் உசரத்துல. கண்டேன் எண்டு சொல்லுங்க."

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "நான் காணல்ல," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "காணாததுக்குச் சாட்சி சொல்ல ஏலா. எனக்குக் கண்ணு சரியில்ல."



நோன்புப் பெருநாள் முடிந்ததும் மட்டக்களப்பில் ஒரு கண் டொக்டரிடம் போனோம். மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கினார். இரத்தத்தில் கூடிய சீனி, விழித்திரையில் உள்ள மயிரிழைக் குழாய்களின் சுவரைப் பழுதாக்கும். சில குழாய்கள் வீங்கிக் கசியும், சில அடைபடும். அடைபட்ட இடத்துக்கு இரத்தம் கொடுக்கக் கண் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். பலமில்லாத அவை உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். நோவே இராது. வாப்பா கண்ட கறுத்த நூல் அவருடைய சொந்த இரத்தம்.

"எப்ப இருந்து இந்த நூல் தெரியுது?" என்று டொக்டர் கேட்டார். "நேரத்தோட வந்திருந்தா கொழும்புக்கு அனுப்பி லேசரால சுட்டுப் பார்வையைக் கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம்."

எட்டு மாதமும் நோன்பு மாதமும் சேர்த்து ஒன்பது என்று நான் மனதுக்குள் எண்ணினேன்.

"இப்ப ஒரு மாசமாத்தான் டொக்டர்," என்றார் வாப்பா. "நான்தான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

பிறைக்குப் பொய் சொல்லாத மனிதர். டொக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"ஓம்," என்றேன். "ஒரு மாசம்தான்."