உறைந்த மீன்களுக்கு மேலே என் தம்பி

டொரினோவில் நான் சாமான் வாங்கும் சூப்பர்மார்க்கெட்டில், உறைந்த மீன் பெட்டிகளுக்கு மேலே, போன மாசியில் என் தம்பி கிற்றார் வாசித்தான். இறால் பைக்கற்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த ஊரில் எங்கே போனாலும் மேலேயிருந்து இசை வடிந்துகொண்டிருக்கும். லிஃப்டில், பல் வைத்தியரிடத்தில், ஏன், செத்தவீட்டு மண்டபத்தில்கூட. நம் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டினால் நாலு ஊருக்குக் கேட்கவேண்டும். இங்கே ஒருவரும் காது கொடுக்கக்கூடாது என்றே பாட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்தத் தட்டல் எனக்குத் தெரியாமல் போகுமா? டக். பிறகு டக்டக். களப்பில் வலையை வளைத்துவிட்டு, மீனைக் கலைக்க வள்ளத்தின் விளிம்பில் தட்டுவார்களே, அதே தட்டு. எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் ரெஜி கிற்றார்ப் பெட்டியில் விரல் முட்டியால் அப்படித் தட்டுவான். "மீன் வரட்டும் அக்கா, பிறகு வாசிப்பம்" என்று பகிடி விடுவான்.

ரெஜி கடலுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. எங்கள் ஊர் எத்தாளைக் கரைக்கு வள்ளம் மட்டும்தான் வந்தது.

கல்பிட்டியில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரரின் ஹொட்டலில் அவன் வாசித்து வந்தான். சீசன் முடிந்தால் கடல். அங்கே வந்து மாட்டுப்பட்டவன்தான் சான்ட்ரோ என்ற இத்தாலியன், சக்சபோன்காரன். அவன் மிலானோவுக்குத் திரும்பியும் இருவரும் சேர்ந்து அல்பம் செய்தார்கள். பாதி மெல்லிய ஜாஸ், பாதி மெட்டுள்ள றொக். ட்றம்ஸ் போலந்தில், பேஸ் பிரேசிலில், என் தம்பி எத்தாளையில் சுவரில் மெத்தையைச் சாத்தி, காற்றாடியை நிற்பாட்டி, வேர்த்து ஒழுகியபடி. ஆளையாள் கண்டதில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கை இன்டர்நெட்டில் அனுப்பினால் சான்ட்ரோ சேர்த்துக் கட்டுவான். நம் கோயில் பாடகர் குழுவில் ஒருவர் இருமினாலே மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இது என்ன கூட்டு என்று எனக்கு அப்போதே சிரிப்பு.

ரெஜியின் பெண்சாதி மெடில்டாவும் அந்தப் பாடகர் குழுவில் கிற்றார் பிடித்தவள்தான். உடல் கிடைக்காததால் அவள் கறுப்பு உடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் விடவில்லை. "அவர் வந்து நிண்டா என்ன சொல்றது மச்சாள்? உங்களுக்குப் பூசை வைச்சுட்டம் எண்டா?" என்று கேட்டாள். எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான்.

சூப்பர்மார்க்கெட்டில், அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கப் போனை மேலே தூக்கிப் பிடித்தேன். பாட்டு இந்த வருஷத்தது. கிற்றார், ரெஜி. இருக்கிறானா? எங்கேயாவது கரையேறி ஒளித்திருக்கிறானா, பாவி? கண்டால் முதலில் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கவேண்டும், பிறகு கட்டிப்பிடித்து அழவேண்டும்.

அந்த ஞாயிறே ரயிலேறி மிலானோவுக்குப் போனேன். சான்ட்ரோ தன் நிலக்கீழ் அறையில் எனக்குக் கோப்பி ஊற்றினான். "ரெஜியின் அக்காவா! எப்படி இருக்கிறார்?" என்று கேட்டான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. நீங்கள் எப்போது பேசினீர்கள் என்றேன். பேசுவதே இல்லையாம், இவன் அனுப்புவான், அவன் அனுப்புவான். போன கிழமையும் ஒன்று வந்ததாம்.

"முந்தி அவசரப்படுவார். இப்போது காத்திருந்து வாசிக்கிறார்" என்றான் சான்ட்ரோ.

வந்ததைப் போட்டுக் காட்டினான். டக். பிறகு டக்டக். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் மெல்லிதாக ஒரு கிணுகிணுப்பு. "அந்த மணி! அதை எதில் தட்டுகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றான். மணியில்லை, காப்பு. வள்ளம் தனியே வந்தபிறகு நான் ஊருக்குப் போனபோது, வெறுங்கையோடு திரியாதே பிள்ளை என்று என் கையிலிருந்து கழற்றி மெடில்டாவுக்குப் போட்டுவிட்ட சோடிக் காப்பு. அந்த இரண்டும் முட்டும் சத்தத்தோடுதான் எத்தனையோ வருஷம் நான் பாத்திரம் கழுவினேன். எனக்கு என் தம்பி அந்த அறையில்தான் செத்தான். நான் அழுதேன். இசையில் உருகிவிட்டேன் என்று நினைத்த சான்ட்ரோ சத்தத்தைக் கூட்டினான்.

ஸ்டேஷனில் நின்று மெடில்டாவுக்குப் போன் எடுத்தேன். "நீதானே வாசிக்கிறாய்?"

"ஓம் மச்சாள்." மறைக்கவேயில்லை. "அவர்ர பேர் புதுசா வாற வரைக்கும் ஆரும் என்னைக் கறுப்பு உடுக்கச் சொல்ல ஏலாது."

"போதும் பிள்ளை, நிப்பாட்டு."

"நிப்பாட்டிப் பாத்தன். கொஞ்ச நாள் தொடேல்ல. பிறகு சும்மா ஒருக்காத் தட்டினன், அவர் தட்டுற மாதிரி. விரல் தன்பாட்டில போச்சு. எனக்குத் தெரியாத இடத்துக்கெல்லாம் போச்சு மச்சாள்." காகம் கரைவது கேட்டது. "நீங்க அவர்ர கூடப்பிறந்தவ. பூசைக்கு நீங்க நாள் சொல்லுங்க. சொன்னா நான் கிற்றாரை வைச்சுடுறன்."

ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சொல்வீர்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தலவிலக் கோயிலில் ஒரு பூசை என்று. வாய்க்குச் சுகம். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஊரில் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே நாம் தொலைவில் இருக்கிறோம். பாஸ்குப் பெருநாள் வரட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். தேவையில்லாமல் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன்.

நேற்றும் போனேன். பாட்டு வந்தது. டக். என் கை என்னைக் கேளாமல் பெட்டியின் கண்ணாடி மூடியில் திருப்பித் தட்டியது, டக்டக். பக்கத்தில் நின்ற கிழவி மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன். ஒரு மீனும் கலையவில்லை.

அதே இடத்தில் நின்று மெடில்டாவுக்கு எடுத்து, சாமியாரிடம் பூசைக்கு நாள் கேட்கச் சொன்னேன். அவள் ஓம் என்றாள். மேலே தம்பி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான்.