நான் வெட்டிய ஒரு சொல்

போன வியாழக்கிழமை காலை, பரவை மார்க்கெட்டில் வெங்காயத்தை அழுத்திப் பார்த்து வியாபாரியிடம் வசை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒச்சப்பன் போனில் கூப்பிட்டார். அலங்காநல்லூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்.

"அண்ணே, டாக்டரம்மா தவறிட்டாகளாம். நெஞ்சுவலியாம். நான் கோச்சடையில அவக வீட்டுக்குப் போறேன், வாரீகளா?"

வெங்காயத்தை உரிக்காமலே கண் கலங்கியவன் அன்று அந்த மார்க்கெட்டில் நான் ஒருவன்தான்.

எங்கள் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தீவன ஆய்வு செய்துவந்த முனைவர் சுலோச்சனா அவர்களைத்தான் ஊர் டாக்டரம்மா என்றது. நான் அங்கே செய்தி மடல் தயாரிப்பவன். அதாவது, மற்றவர்கள் சரியாகக் கண்டுபிடித்ததைத் தப்பாக எழுதுபவன்.

அவர் பணியில் சேர்ந்த வாரமே அறைக் கதவில் 'மாட்டுக் கொழுப்பு' என்று யாரோ சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். அழிக்கவில்லையா என்று கேட்டேன். "எழுதினவருக்கு எம்புட்டுக் கொழுப்புன்னு அளந்துட்டு அழிக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார். எழுதியவன் நான்தான் என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

எண்ணெய் கலந்த தீவனம் கொடுத்தால் பாலில் கொழுப்பு ஏறும் என்று நம்பிக் கொடுத்தவர்கள், அது இறங்குவதைப் பார்த்து நொந்துபோயிருந்தார்கள். மாட்டு வயிற்றின் நுண்ணுயிர்கள் எண்ணெயை வேறு வகைக் கொழுப்புகளாக்கும்; அவற்றில் சில மடிக்குப் போய், பால்கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களின் வேலையை அடக்கிவிடும். எந்த எண்ணெய், எந்த அளவில் அப்படிச் செய்கிறது என்பதே அவருடைய தேடல். எனக்குப் புரியவில்லை என்றதும், டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்பின் திருகைத் தணித்தார்.

"அடுப்பை மாத்துனேனா? இல்ல. சிம்ல வச்சேன். மரபணு அப்படியேதான் சார் இருக்கு. எரியுறதுதான் குறையுது. தீவனம்தான் இந்தத் திருகு."

ஆய்வுக்கு ஒச்சப்பன் தெருவில் பன்னிரண்டு மாடுகள் கிடைத்தன. டாக்டரம்மா விடிந்ததும் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு போய்ப் பால் வாங்கிவருவார். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பாலில் வரும் செல்களே சொல்லிவிடுமாம். ஆய்வு பாதி தாண்டியபோது என் கத்தரிக்கோல் உள்ளே புகுந்தது.

செய்தி மடலுக்கு அவர் எழுதித் தந்த தலைப்பு: 'தீவனக் கொழுப்பால் மாடுகளின் மரபணுச் செயல்பாட்டில் மாற்றம்.' இரண்டு வரிக்குள் அடங்கவில்லை. 'செயல்பாட்டில்' என்பதை வெட்டி, மிச்சத்தை ஒட்டவைத்தேன். 'தீவனக் கொழுப்பால் மாடுகளில் மரபணு மாற்றம்' என்று கச்சிதமாக உட்கார்ந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டே நாளில் அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. ஜல்லிக்கட்டுக் காளையின் பரம்பரையை ஏழு தலைமுறைக்குச் சொல்லும் ஊர் ஒச்சப்பனுடையது. அடுத்த நாள் காலை ஐஸ் பெட்டியோடு போனவருக்கு ஒரு சொட்டுப் பால் கிடைக்கவில்லை. "எங்க மாட்டு வம்சத்தையே மாத்த வந்தீகளாக்கும்?" என்றாராம் ஒச்சப்பன். பாதியில் நின்ற கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மேடம் கோபம் வந்தால் தம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில்தான் திட்டுவார். எங்களுக்குப் புரியாது, சௌகரியமாக இருக்கும். அன்று எனக்காகத் தமிழில் சொன்னார்.

"ஒரே ஒரு சொல்லு சார். இடம் பத்தலேன்னா என் பேரை வெட்டியிருக்கலாம்ல?"

திருத்தம் போட்டோம். திருத்தத்தை எவனும் யாருக்கும் அனுப்புவதில்லை என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். அதன்பின் இரண்டு வருடங்கள் ஒற்றை அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பால் சொசைட்டி வாசல்தோறும் திருகைத் திருகிக் காட்டினார். டீ போட்டது நான், தண்டனை. ஒச்சப்பன் ஒவ்வொரு முறையும் வந்து குடித்துவிட்டு, "டீ நல்லாருக்கு. மாடு தரமாட்டேன்" என்று போய்விடுவார்.

போன மாதம்தான் மனம் இறங்கினார். "சரி டாக்டரம்மா, ஆறு மாடு தாரேன். ஆனா இந்த அண்ணே ஒரு எழுத்தும் எழுதக்கூடாது." மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வருகிற திங்கட்கிழமை ஆரம்பம் என்று முடிவானது. வியாழக்கிழமை போய்விட்டார். இரண்டு வருடம் காத்திருந்தவருக்கு நான்கு நாள் கிடைக்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கோச்சடையில் அவர் வீட்டு வாசலில் எங்கள் அலுவலக ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. 'மாடுகளில் மரபணு மாற்றம் கண்ட விஞ்ஞானிக்கு அஞ்சலி.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய ஊழியரைப் பிடித்து உலுக்கினேன். "உங்க பழைய தலைப்புதான் சார். இன்னொரு சொல்லுப் போட்டா போட்டோ சின்னதாயிரும்னாக" என்றார்.

ஒச்சப்பன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு என்னிடம், "மார்க்கர் இருக்காண்ணே?" என்றார்.

"எழுதக்கூடாதுன்னீகளே?"

"இது ஒண்ணை எழுதுங்க."

'மரபணு'வுக்கும் 'மாற்ற'த்துக்கும் நடுவே இடமில்லை. 'செயல்பாட்டில்' என்று மேலே எழுதினேன். அங்கேயும் இடம் போதாமல், கடைசி எழுத்துகள் படத்திலிருந்த மேடத்தின் தோள்மீது ஏறிவிட்டன. நின்றவர்கள் என்னவென்று பார்த்தார்கள்.

"டாக்டரம்மா அடுப்பை மாத்தலப்பா. சிம்ல வச்சுக் காட்டுனாக" என்றார் ஒச்சப்பன். பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை ஐஸ் பெட்டியோட யாராச்சும் வருவாகளா?" என்று கேட்டார். அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். அந்த ஆய்வு மேடத்தோடு முடிந்ததாகக் கோப்பை மூடிவிட்டார்களாம். ஒச்சப்பனிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை.

மேடம், போய் வாருங்கள். இந்த அஞ்சலிக்கு இடம் போதாது, ஏதாவது வெட்டுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டேன்.