பதினாலு அடியில் ஒரு கோடு

கணக்குப் பாடத்தைக் கூடைப்பந்து மைதானத்தில் நடத்தியதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்து, கூடைப் பலகைக்கு நேர் கீழிருந்து ஃப்ரீ த்ரோ எறிய நிற்கும் கோடு வரை அளக்கச் சொன்னேன். விதிப்படி பதினைந்து அடி.

"பதினாலுதான் வருது டீச்சர்" என்றாள் செல்வராணி.

"ஏட்டி, டேப்பை ஒழுங்காப் பிடி" என்று அதட்டி, அவள் நோட்டில் தப்புப் போட்டேன்.

அவள் அசரவில்லை. "நீங்களே அளந்து பாருங்க" என்று டேப்பை நீட்டினாள்.

அளந்தேன். பதினாலுதான்! ராஜபாளையத்துக்குப் போய் ஆடும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் போடும் ஃப்ரீ த்ரோ ஏன் வளையத்துக்கு எட்டாமல் விழுந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

தலைமையாசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. "இம்புட்டு வருசமா இருக்கிற கோடு. கணக்கு டீச்சருக்கு கிரவுண்டுல என்ன வேலை?"

மறுநாள் பிரேயருக்கு முன்பே நானும் செல்வராணியும் சுண்ணாம்பு வாளியோடு போய்ப் புதுக் கோடு போட்டோம். மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். கோட்டை அழிக்கவில்லை.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளையின் விடை என் விடைக்கு மாறாக வந்தால், நானே அளந்து பார்க்காமல் சிவப்புப் பேனாவைத் திறப்பதில்லை. அளக்கிற இடம் மைதானம்தான். அதற்கு இன்னொரு மெமோ வந்தால் வரட்டும்.