ஒன்பதாம் எண் வீட்டின் காற்றுத்துளை

இடது கையைத் தம்ளர் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரமான புறங்கையை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல மேலே கொண்டுபோகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. மேல்மூலைக்கு ஒரு சாண் கீழே கை நிற்கிறது. "இங்க ஒருத்தன் உள்ள வரான்," என்கிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மேஸ்திரி, "நேத்துதானம்மா அடைச்சோம்," என்று முனகுகிறார். "அடைச்சீங்க, நான் இல்லைன்னு சொல்லல. அவன் வேற வழி கண்டுபிடிச்சுட்டான். நாமளும் கண்டுபிடிப்போம்." அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்கு ஏணியை நகர்த்தச் சொல்கிறார்.

நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் கட்டுமான மேற்பார்வையாளர் அவர். வயது ஐம்பத்து மூன்று. அலுவலகத்தில் எல்லோருக்கும் 'காத்து மேடம்'. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. நான் அதே கட்டடத்தின் மாடியில் மன்றக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுபவன். பதினோரு வருடமாக அவர் ஒரே விஷயத்தைத்தான் அங்கே பேசிவருகிறார், நானும் சளைக்காமல் எழுதிவருகிறேன். "குறைஞ்ச வாடகை வீடுன்னா ஓட்டையாத்தான் இருக்கணும்னு யாருங்க சொன்னது?"

ஒன்பது வருடம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒருவழியாக நகராட்சி தன் சொந்த நிலத்தில் வீடு கட்டி, குறைந்த வாடகைக்கு விட முடிவெடுத்தது. சுவருக்குள் வெப்பம் கடத்தாத தடித்த பலகை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரையில் சூரியத் தகடுகள். வெயிலும் குளிரும் வாசலோடு நின்றுவிடும், மின்கட்டண ரசீதைப் பிரிக்கும்போது கை நடுங்காது. முதல் கட்டத்தில் இருபத்து நான்கு வீடுகள். பதினெட்டில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள், ஆறில் கடைசி வேலைகள் நடக்கின்றன.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. வாசலில் துணிச்சட்டம் ஒன்றை இறுக்கிப் பொருத்தி, அதன் நடுவில் பெரிய விசிறியை வைத்து வீட்டுக்காற்றை வெளியே இழுப்பார்கள். எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே வெளிக்காற்று திருட்டுத்தனமாகப் புகும். எவ்வளவு புகுகிறது என்பதைக் கருவி எண்ணில் சொல்லிவிடும். மேடம் கருவியை நம்புவார், கையை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்புவார். இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்பதில்லை. கொழுந்தனார் புது வீடு வாங்கி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டபோது, கை கழுவப் போனவர் ஈரக்கையோடு ஜன்னலைத் தடவிவிட்டு வந்து, "தம்பி, உங்க வீடு நல்லா மூச்சு விடுது," என்றாராம். கொழுந்தனார் மனைவி அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். மேடத்தின் கணவர் வீடு திரும்பும்வரை அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவர் சறுக்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒன்பதாம் எண் வீட்டில் இருப்பவர் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். ஆறு வயதில் ஒரு மகள். குடிவந்த மூன்றாம் மாதம் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது, குழந்தைக்கு இருமல் விடவில்லை. புகார் வந்ததும் மேடம் போனார். அறையில் குறுக்கே கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். "துணியை உள்ள காயப்போட்டா சுவர் வேர்க்கத்தானேம்மா செய்யும்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டாம் முறை போனபோது கதவு பாதிதான் திறந்தது. "நாள் பூரா ஊருக்கே துணி துவைச்சுக் காயப்போடுறவ நான். எனக்கே சொல்லித்தர வந்துட்டீங்களா?" மீதிப் பாதியும் சாத்திக்கொண்டது.

அந்தச் சுவரின் புகைப்படம் எப்படியோ ஒரு மன்ற உறுப்பினரின் கைக்குப் போயிற்று. கடைத்தெருவுக்குப் பின்னால் அவருக்கு வாடகை வீடுகள் வரிசையாக இருக்கின்றன என்பதை நான் கூட்டக் குறிப்பில் எழுத முடியாது, இங்கே எழுதலாம். 'மூச்சுமுட்டும் வீடுகள்' என்று அவர் பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் கட்டமாக முப்பத்தாறு வீடுகள் கட்டுவதா, திட்டத்தையே மூட்டை கட்டுவதா என்று புதன்கிழமை வாக்கெடுப்பு. வீட்டுக்காகப் பெயர் கொடுத்துவிட்டு முப்பத்தாறு குடும்பங்கள் காத்திருந்தன.

செவ்வாய் காலை மேடம் மூன்றாம் முறை போனார். மன்றத்துக்கு அறிக்கை எழுதவேண்டி நானும் கூடப் போனேன். "அஞ்சே நிமிஷம். துணியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்," என்று கெஞ்சிய பிறகு அந்தப் பெண் வழிவிட்டார். படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, உள்ளே ஈரம் தேங்காமல் புதுக்காற்று வருவதற்கென்றே ஒரு துளை உண்டு. மேடம் ஈரக்கையை அதன் முன் நீட்டினார். கையில் காற்றே படவில்லை. நாற்காலி போட்டு ஏறி, துளையின் மூடியைத் திருகிக் கழற்றினார்.

உள்ளே, துளையை முழுக்க மறைத்தபடி, நீலநிற டேப். சோதனைக்கு முன்னால் இந்தத் துளைகளை டேப் ஒட்டி மூடுவார்கள், முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அந்த வேலையை மேடம் வேறு யார் கையிலும் விட்டதில்லை. ஒட்டும்போது வீட்டு எண்ணையும் தன் முதலெழுத்தையும் டேப் மேல் எழுதுவார். இதன் மேலும் எழுதியிருந்தது.

டேப்பைப் பிரித்து, இறங்கி, அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க அது?" என்றார் அந்தப் பெண்.

"என்னோட டேப்பும்மா. இத்தனை மாசமா இந்த அறையோட மூக்கைப் பொத்தி வெச்சிருக்கேன். பழியை உங்க துணி மேல போட்டேன். தப்பு என்னோடது."

சமையலறையிலிருந்து குழந்தையின் இருமல் கேட்டது. அந்தப் பெண் குழந்தையிடம் போனார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று மாலைக்குள் மீதிப் பதினேழு வீடுகளிலும் ஏறி ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்தார். வேறு எங்கும் டேப் இல்லை. பிறகு நகராட்சித் தலைவரின் அறைக்குப் போனோம். தலைவர் கெட்டவர் இல்லை. இந்தத் திட்டத்துக்காகப் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"நாளைக்கு ஒரு ஓட்டுல தொங்குது மேடம். மேற்பார்வையாளரே தப்பு பண்ணாங்கன்னு தெரிஞ்சா எதிர்க்கறவங்க ஆடித் தீர்த்துடுவாங்க. மேஸ்திரி ஆளுங்க டேப்பைப் பிரிக்க மறந்துட்டாங்கன்னு எழுதிடலாம்."

"அவருக்கு அடுத்த கட்டத்துல வேலை போயிடும் சார்."

"முப்பத்தாறு குடும்பத்துக்கு வீடு கிடைக்கும்ல?"

மேடம் எழுந்து போனார். தலைவர் என்னைப் பார்த்தார். அவர் சொன்னபடியே எழுதிக்கொடுத்தேன். நாலு பேருக்கு நல்லது நடக்கட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

புதன்கிழமை மன்றம் நிரம்பியிருந்தது. பார்வையாளர் வரிசையின் கோடியில் சலவைப் பிரிவுப் பெண், வேலைச் சீருடையோடு. நான் அறிக்கையைப் படிக்கத் தொடங்கினேன். 'மேஸ்திரியின் ஆட்களது கவனக்குறைவால்' என்ற இடத்துக்கு வந்தபோது அதிகாரிகள் பெஞ்சிலிருந்து மேடம் எழுந்தார்.

"அது அப்படி இல்லீங்க. டேப்பை ஒட்டினது நான். பிரிக்காம விட்டதும் நான். மேஸ்திரிக்கும் அவர் ஆளுங்களுக்கும் இதுல சம்பந்தமே இல்ல."

தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கடைத்தெரு உறுப்பினருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். "ஒரு டேப்பை ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதவங்களை நம்பி இன்னும் முப்பத்தாறு வீடா?"

"என் ஞாபகத்தை நம்ப வேண்டாம்," என்றார் மேடம். குரல் ஏறவில்லை. "இனிமே எண்ணி ஒட்டுவோம், எண்ணிப் பிரிப்போம். குடிவர்றவங்க கூட நின்னு பார்த்த பிறகுதான் சாவி. ஒன்பதாம் வீட்டுச் சுவரை நான் நின்னு சரிபண்ணித் தருவேன். வீட்டு மேல குத்தம் இல்லீங்க. என் மேல இருக்கு. அதுக்கு என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க, வீட்டை விட்டுடுங்க."

பார்வையாளர்கள் பேசக்கூடாது என்பது விதி. சலவைப் பிரிவுப் பெண் விதியைக் கேட்டுக்கொண்டா எழுந்தார்?

"எனக்கு இவங்க மேல கோபம் இருக்கு. இன்னும் போகல. ஆனா இதுக்கு முன்னாடி குடியிருந்த வீட்டுல நாலு வருஷம் சுவர்ல தண்ணி வழிஞ்சுது. ஒருத்தரும் வந்து நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கல." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். உட்காரச் சொல்லக் கையை உயர்த்திய தலைவர், அதை அப்படியே இறக்கிக்கொண்டார்.

ஆதரவு பத்து, எதிர்ப்பு ஒன்பது. முப்பத்தாறு வீடுகளும் தப்பின. மேடம் மீது துறை விசாரணை என்று இன்னொரு தீர்மானமும் வந்தது. அது ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் கலைந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, மேடம் நேராக என் மேசைக்கு வந்தார். கேட்காமலே என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் எழுதியிருந்த அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, 'மேஸ்திரியின் ஆட்களது' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மேற்பார்வையாளரின்' என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடி, என் பையிலேயே திரும்பச் செருகினார்.