நடுவில் நின்ற தண்ணீர்

சண்டைக் காலத்து ஆவடி ஐஸ் கம்பெனியில் வேம்புலிக்கு ஐந்து வருஷமாக வயிற்றெரிச்சல். ஒரே கிணற்றுத் தண்ணீர்தான், அதை ஊற்றிய தகரப் பெட்டிகளை இறக்குவதும் ஒரே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிதான். ஆனால் கூட வேலை செய்யும் மதுரைவீரன் தகரத்தில் கட்டி கண்ணாடியாக உறையும். இவனுடையது நடுவில் சுண்ணாம்பாக வெளுக்கும். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு வீரன் கட்டி, மீன் வண்டிக்கு இவன் கட்டி.

பொறாமை தாங்காமல் ஒருநாள் வேம்புலி, வீரன் தகரத்தில் இரண்டு படி உப்பைக் கொட்டினான். மறுநாளும் அது நடுவில் கூழாகவே நின்றது. திட்டு வாங்கிய வீரன் தகரத்தைக் கழுவி மறுபடி தண்ணீர் பிடித்தான். அதுவும் இவனுக்கு எரிந்தது.

விஷக்காய்ச்சலில் படுத்தபோது வீரன் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“மச்சான், உப்பு போட்டது நீதான்னு தெரியும், உடு. தண்ணில கீற அழுக்கெல்லாம் உறையாம நடுவுலதான் ஒதுங்கும். முழுசா உறையறதுக்கு முன்னாடி அத்த மொண்டு கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்து. இனிமே என் தகரத்துக்கும் நீயே ஊத்து.”